கண்ணாடியை யாராவது படுக்க வைப்பார்களா?

போன வாரம் கண்ணாடிக்காரர் செய்த காரியத்துக்கு உங்களில் பாதிப் பேர் பல்லை நறநறவென்று கடித்திருப்பீர்கள். கட்டிய மனைவி பிடித்துக்கொண்டு நடக்கிற வாக்கரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, எங்கே மகள் ஏறி எடுத்துவிடுவாளோ என்று ஏணியையும் தன் ஜன்னல் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோய்விட்ட மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? எனக்கும் கோபம்தான். இருந்தாலும் அவர் பக்கத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேலே போவோம்.

மார்பில் வந்த புற்றுநோய் ஒழிந்தது என்று சில வருஷம் நிம்மதியாக மூச்சுவிட்ட வீடு அது. அப்புறம் ஒரு நாள் அவள் இடுப்பு வலிக்கிறது என்றாள். கடையில் குனிந்து நிமிர்கிற வேலை, வலிக்காமல் என்ன செய்யும் என்று இவரே தைலம் தேய்த்துவிட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நோய் எலும்புக்குள் இறங்கியிருந்தது. இடுப்பில், தொடையெலும்பின் மேல் முனையில், முதுகுத்தண்டில் அங்கங்கே. அந்த முடிவை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான், பக்கத்து அறையில் ஒரு அம்மாள், படுக்கையில் புரண்டதற்கே தொடையெலும்பு முறிந்து போட்ட சத்தத்தை அவர் கேட்டார். அன்றைக்குப் பிடித்த பயம் இன்றுவரை இறங்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. மேஜை முனை, கட்டில் முனை, கதவு நிலை எல்லாவற்றிலும், கடையில் கண்ணாடி விளிம்புக்குச் சுற்றுகிற நுரைப்பட்டையைச் சுற்றி ஒட்டிவிட்டார். மெத்தைக்கு மேல் மெத்தை. தலையணைக்கு அண்டை கொடுக்க இன்னொரு தலையணை. நடுவில் அவள். தண்ணீர் என்றால் தண்ணீர் வரும். எழுந்திருக்க வேண்டும் என்றால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

இப்படித் தாங்குகிறாரே, கொடுத்து வைத்தவள் என்று அக்கம்பக்கம் பேசிக்கொண்டது. கொடுத்து வைத்தவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். இடுப்புக்குக் கொடுத்த ரேடியேஷன் எப்படி வேலை செய்திருக்கிறது என்று பார்க்க வலி டாக்டர் வரச் சொல்லியிருந்தார். வலி டாக்டர் என்பது அவளே வைத்த பெயர். நோயைப் பார்க்க ஒரு டாக்டர், எலும்பைப் பார்க்க ஒரு டாக்டர், வலியைப் பார்க்க இந்த டாக்டர்.

மகள் தபால் நிலையத்தில் லீவு சொல்லிவிட்டு விடிந்ததும் வந்துவிட்டாள். வந்தவள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு இரண்டு மனத்தாங்கல். ஒன்று, பரணில் கிடக்கும் வாக்கர். இன்னொன்று, அவள் வீட்டு ஜன்னல்.

ஜன்னல் கதை இதுதான். மகள் தனியாக ஒரு வீடு பார்த்து முதல் மாடிக்குக் குடிபோன அன்று, பீரோ ஏற்றியவர்கள் கூடத்து ஜன்னலில் அதை இடித்துப் பெரிய கண்ணாடியை நொறுக்கிவிட்டார்கள். ஆள் உயர ஜன்னல். இவர் மறுநாளே அளவெடுத்து, கண்ணாடி வெட்டி, விளிம்பைத் தேய்த்து, கடையில் நிறுத்தி வைத்துவிட்டார். கொண்டுபோய் மாட்டுவதற்குள் ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. கடையில் வேலைக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய கண்ணாடி என்றால் அவர் ஒரே ஒருத்தியோடுதான் தூக்குவார். அந்த ஒருத்தி படுக்கையில். அதனால் ஜன்னலில் அட்டை. மழை பெய்தால் அட்டை உப்பிப் போகும், வெயில் அடித்தால் சுருளும். கண்ணாடிக்காரர் மகள் வீட்டில் கண்ணாடி இல்லையா என்று கேட்காத ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. வேறு கடையில் சொல்லி மாட்டிக்கொள்ளலாம்தான். அப்பாவின் முகம் என்ன ஆகும் என்று நினைத்து அவளும் பொறுத்துப் போனாள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியாக வேண்டும். கண்ணாடி ஏற்றுகிற வேனின் பின்பக்கம் மெத்தையை விரித்து, மனைவியைத் தூக்கிக் கிடத்தி, இரண்டு பக்கமும் தலையணை அடைத்தார். முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறேன் என்று அவள் சொன்னது வழக்கம்போல் காற்றில் போனது. மகள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். வண்டி ஊர்ந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்து போனார்கள்.

டாக்டரின் அறையில் ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, சுவரோரம் ஒரு தொட்டியில் நன்றாக வளர்ந்த செடி. டாக்டர் சின்ன வயசுக்காரர். ஆனால் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கிற பொறுமை உண்டு.

வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். இரண்டு என்றாள் அவள். கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டுதானே, நம் கவனிப்பு அப்படி என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பி, மார்ஃபின் மருந்து எத்தனை புட்டி முடிந்தது என்று சாதாரணமாகக் கேட்டார்.

முதல் புட்டியே இன்னும் இருக்கிறது என்று அவர் பெருமையாகச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் ஏதோ தப்பு என்று அவருக்கே தெரிந்துவிட்டது. எழுதிக் கொடுத்த அளவில் கொடுத்திருந்தால் அது எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும்.

டாக்டர் திட்டவில்லை. எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். பாதி என்றார் அவர், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி. பழகிப் போய்விடும், அப்புறம் அதில்லாமல் இருக்க முடியாது, கடைசியில் கொடுக்கிற மருந்து என்று யாரோ சொன்னார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

வலிக்கு அளவோடு, நேரத்தோடு கொடுக்கும்போது நீங்கள் பயப்படுகிற மாதிரி ஆகாது என்று டாக்டர் நிதானமாக விளக்கினார். முதலில் கொஞ்சம் தூக்கம் வரும், அது தெளிந்துவிடும். மலச்சிக்கல் வரும், அதற்கு இன்னொரு மருந்தைக் கூடவே விடாமல் கொடுக்க வேண்டும். கடைசிக்கென்று எடுத்து வைக்க இது பண்டம் இல்லை. சொல்லிவிட்டு அவளிடமே மறுபடி கேட்டார்.

"இப்ப நிஜமா சொல்லுங்கம்மா. எவ்வளவு?"

அவள் கணவரைப் பார்க்கவில்லை. செடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எட்டு. விடியக்காலைல ஒன்பது."

கண்ணாடிக்காரர் அவள் பக்கம் திரும்பினார். பக்கத்திலேயே படுத்திருக்கிறார். ஒரு முனகல் கேட்டதில்லை. எப்படி வாயைக் கட்டியிருக்கிறாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். "இத்தனை வருஷத்துல ஒரு படி இருக்குன்னா சொல்லாம விட்டிருக்கியா நீ?"

டாக்டருக்கு இது புரிந்திருக்காது. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில், அவருக்கு உதவிக்கு இருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். வாசலில் ஒரு பெரிய கண்ணாடி, தெரு முனையில் ஒரு துணிக்கடை, சாயங்காலத்துக்குள் மாட்டியாக வேண்டும். நான் பிடிக்கிறேன் என்றாள் புதுப்பெண். சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

கண்ணாடி தூக்குவதில் ஒரு முறை உண்டு. இரண்டு பேர், ஆளுக்கு ஒரு முனை. கண்ணாடி நேராக நிற்க வேண்டும். பின்னால் வருகிறவருக்குத் தன் கையும் விளிம்பும் தவிர எதுவும் பார்க்க நேரமிருக்காது. ஆகவே முன்னால் போகிறவர் சொல்லிக்கொண்டே போக வேண்டும். படி. பள்ளம். திருப்பம். ஆள் வருது. நில்லு. முன்னால் போகிறவர் சொன்னால் பின்னால் வருகிறவர் கேள்வி கேட்கக் கூடாது, காலை வைக்க வேண்டும். முன்னால் போகிறவர் ஒரு படியை மறைத்தால் கண்ணாடியும் போச்சு, இரண்டு பேர் கையும் போச்சு.

முதல் நாளே முன்முனையை அவள் பிடித்துக்கொண்டாள். பிறகு அதை யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. அவள் ஓங்கிக் குரல் கொடுத்துக்கொண்டு வர, பின்னால் இவர் பவ்யமாகக் கால் வைத்து வர, தெருவே வேடிக்கை பார்த்தது. கடைக்கு முதலாளி யார் என்று யாரோ கேட்கப் போய், அன்றிலிருந்து அவள் முதலாளியம்மா. இவருக்கும் அது பிடித்துப் போய், வாய் நிறைய முதலாளி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அந்த முதலாளிதான் இப்போது எட்டை இரண்டு என்று சொல்லியிருக்கிறாள்.

"சொன்னா என்ன செய்வீங்க?" என்றாள் அவள், செடியிலிருந்து கண்ணை எடுத்து. "இடுப்புல சுருக்குன்னுதுன்னேன், உட்காரக் கூடாதுன்னீங்க. கால் வலிக்குதுன்னேன், வாக்கர் பரணுக்குப் போச்சு. இன்னும் ஒண்ணு சொன்னா மூச்சு விடக் கூடாதும்பீங்க. அதான் வாயை மூடிக்கிட்டேன்."

"உடைஞ்சிருவேன்னு பயந்தேன் முதலாளி."

"கண்ணாடின்னா உடையுந்தான். அதுக்காகக் கண்ணாடியை யாராவது படுக்க வைப்பாங்களா? நீங்க வெச்சிருக்கீங்களா ஒரு நாளாவது?"

பெரிய கண்ணாடியைப் படுக்க வைத்தால் தன் கனத்திலேயே வளைந்து விரிசல் விட்டுவிடும். தொழிலுக்கு வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே அதுதான். நிறுத்து, சாய்த்து வை, கிடத்தாதே. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். வேனிலேயே சாய்வுச் சட்டம் அதற்குத்தானே இருக்கிறது. இன்று காலை அந்தச் சட்டத்துக்குக் கீழேதான் அவளைக் கிடத்திக்கொண்டு வந்தார்.

டாக்டர் எக்ஸ்ரேயை எடுத்து விளக்கில் காட்டினார். நோய் போகாது, அதை நான் மறைக்க மாட்டேன் என்றார். ஆனால் தொடையெலும்பு இப்போதைக்குத் தாங்கும் என்று எலும்பு டாக்டரும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். வாக்கரோடு, மெதுவாக, யாராவது பக்கத்தில் இருக்க, நடக்கலாம். நடக்கத்தான் வேண்டும். படுத்தே கிடந்தால் சதை வற்றும், சளி கட்டும், மனசு முதலில் போகும். கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, உடம்பைத் திருகக் கூடாது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேளை மருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் ரெண்டு பேரும் மறக்கக் கூடாது," என்றார். "கால் மரத்துப் போனாலோ, பலம் குறைஞ்ச மாதிரி இருந்தாலோ, ஒண்ணுக்கு ரெண்டுக்கு போறதுல மாற்றம் தெரிஞ்சாலோ, அடுத்த நிமிஷம் எனக்குப் போன் வரணும். முதுகுத்தண்டுல நரம்பு அழுத்துதுன்னு அர்த்தம். அதுல நேரம்தான் முக்கியம். அம்மா மறைக்காம சொல்லணும். அய்யா கேட்டதும் கட்டில்ல கட்டிப் போடாம இருக்கணும். அப்பத்தான் அம்மா சொல்லுவாங்க."

அய்யா தலையாட்டினார். அசடு வழிந்தது.

நடக்க முடிந்தால் முதலில் என்ன செய்ய ஆசை என்று டாக்டர் அவளைக் கேட்டார். எல்லோரும் பேரப்பிள்ளை, தோட்டம் என்றுதான் சொல்வார்களாம்.

"என் மக வீட்டு ஜன்னல்ல கண்ணாடி மாட்டணும்," என்றாள் முதலாளியம்மா.

அங்கேயே முழு அளவு மருந்து கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச் சாலையில் மூவரும் டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவளை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்ததே மகள்தான். கண்ணாடிக்காரர் டீயைக் குடிக்காமல் அவள் முகத்தையே பார்த்திருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு புருவத்துக்கும் நடுவில் இருந்த முடிச்சு மெல்ல அவிழ்ந்தது. அந்த முடிச்சு இத்தனை மாதமாக அங்கேயே இருந்ததால் அவள் முகமே அப்படித்தான் என்று அவர் நினைத்துவிட்டிருந்தார். இப்போது பழைய முகம் வந்துவிட்டது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மருந்தைப் பாதி பாதியாக எத்தனை நாள் கொடுத்தோம் என்று நினைத்துப் பார்க்கக்கூட அவருக்குத் துணிவில்லை.

"டீ ஆறுது, குடிங்க," என்றாள் அவள்.

திரும்பும்போது முன் சீட்டு அவளுக்கு. முதுகுக்கு ஒரு தலையணை, பெல்ட்டுக்கு அடியில் ஒரு துண்டு. மகள் பின்னால் மெத்தையில் ராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள்.

எத்தனை நாளாயிற்று அவள் தெருவைப் பார்த்து. மருந்துக்கடைக் கதவு, முடிதிருத்தகத்தின் சுவர்க்கண்ணாடி, பேக்கரியின் முகப்பு என்று வரிசையாக எல்லாம் அவர்கள் தூக்கிப் போய் மாட்டியவை. பேக்கரியைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்கச் சொன்னாள்.

அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போனபோது நடுத்தெருவில் மழை பிடித்துக்கொண்டது. கீழே வைக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துகொண்டு அடி அடியாகப் போனார்கள். அவள் அப்போது மகளை வயிற்றில் தாங்கி இரண்டாம் மாதம், அவருக்கு இன்னும் சொல்லவில்லை. மழைக்கு நடுவில் படி, பள்ளம் என்று சொல்லிக்கொண்டு வந்தவள், அதே குரலில், பிள்ளை என்றாள். எங்கே, எந்தப் பிள்ளை குறுக்கே வருது என்று இவர் பின்னாலிருந்து பதறினார். நம்ம பிள்ளைதாங்க என்றாள். கண்ணாடி அன்றைக்குக் கீழே விழாமல் இருந்தது அவர் செய்த புண்ணியம்.

"இந்தக் கதையை எனக்கு ஏன் இவ்வளவு நாள் சொல்லல?" என்று பின்னாலிருந்து மகள் கேட்டாள்.

உங்க அப்பா நடுத்தெருவுல அழுததைச் சொல்லணுமே, அதான் என்றாள் அம்மா. மழைத்தண்ணீர் அது என்றார் அப்பா. மகள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அவரிடம் முகம் கொடுக்காதவள், கையை நீட்டி அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

ஒவ்வொரு வேலையும் முடிந்தபிறகு, கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து அவள் ஒரு துடை துடைப்பாள். பிறகும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கடைக்காரர்கள் முன்னாலேயே நின்று துடைத்துவிட்டுப் போவாள். உலகத்திலேயே நம்ம வேலை மட்டும்தாங்க சரியா இருந்தா கண்ணுக்கே தெரியாது என்பாள். அப்படிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு, கடை பூட்டிய சாயங்காலங்களில் கையை வீசி அவள் அவரோடு நடந்த தெருக்கள்தான் இவை. அந்த நடையை அவர் எங்கே தொலைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்த கூத்துதான். வாக்கர் வேண்டும் என்றால் பரணில் ஏற வேண்டும். பரணில் ஏற ஏணி வேண்டும். ஏணி கடையில். கடைக்குப் போய் ஏணியை ஏற்றிக்கொண்டு, ஏற்கெனவே அங்கே நின்றிருந்த ஜன்னல் கண்ணாடியையும் சாய்வுச் சட்டத்தில் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்து, தான் போட்ட வாக்கரைத் தானே தும்மிக்கொண்டு இறக்கினார். முன் சீட்டில் உட்கார்ந்தபடியே அவள் கதவு வழியாக வேடிக்கை பார்த்தாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. தூசி துடைங்க என்று மட்டும் சொன்னாள்.

மகளின் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. ஆனால் ஆள் உயரக் கண்ணாடி அதற்குள் நுழையாது. அது படி வழியாகத்தான் ஏற வேண்டும். அவளை முதலில் லிஃப்டில் ஏற்றி, வாக்கரோடு முதல் மாடி முகப்பில் நிறுத்தினார்கள். அங்கிருந்து பார்த்தால் படிக்கட்டும் நடுவிலுள்ள திருப்பமும் முழுசாகத் தெரியும். பக்கத்து வீட்டம்மாள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவள் பின்னால் போட்டுவிட்டு, தானும் அருகில் நின்றுகொண்டார்.

கீழே மகள் கையுறை மாட்டிக்கொண்டு முன்முனைக்கு வந்தாள். இதுவரை அவள் தூக்கியதில்லை. சின்ன வயசிலிருந்து கடைப்பக்கம் வராதே, படிக்கிற வழியைப் பார் என்று விரட்டியவர்கள் இவர்கள்தான்.

"நீ சும்மா பிடி. அம்மா சொல்லுவா," என்றார் அவர்.

"தூக்கு," என்று மேலிருந்து குரல் வந்தது.

அந்தக் குரல். படுக்கையிலிருந்து தண்ணீர் கேட்ட குரல் இல்லை இது. தெருவை விலக்கிக்கொண்டு வந்த பழைய குரல். கண்ணாடிக்காரர் தூக்கினார்.

படி என்றாள், வைத்தார்கள். படி என்றாள், வைத்தார்கள். திருப்பத்தில் நில்லு என்றாள். மகள் உடம்பைத் திருப்பப் பார்த்தபோது, நீ திரும்பாதே, கண்ணாடி திரும்பட்டும், நீங்க வெளிப்பக்கமா வாங்க, இன்னும் வெளியே, அவ்வளவுதான், இப்ப ரெண்டு பேரும் ஏறுங்க என்றாள். சுவருக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி. அவர் அதைப் பார்க்கவேயில்லை. முன்பு எப்படி வந்தாரோ அப்படியே குரலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்.

அட்டையைப் பிய்த்து எறிந்தார்கள். கண்ணாடியைச் சட்டத்தில் உட்கார வைத்து, சுற்றிலும் தக்கை கொடுத்து, பட்டி பூசி முடித்தபோது வெயில் மஞ்சளாகி, முதன்முதலாக மகளின் கூடத்துக்குள் முழுசாக வந்து விழுந்தது. மகள் அதன் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

முதலாளியம்மா வாக்கரை ஊன்றி ஊன்றிக் கூடத்தைக் கடந்து ஜன்னலுக்கு வந்தாள். கைப்பையைத் திறந்து மஞ்சள் துணியை எடுத்தாள். ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, குனியாமல், எட்டுகிற உயரத்தில் ஒரு துடை துடைத்தாள். கண்ணாடிக்காரர் அவளுக்குப் பின்னால், பிடித்தும் பிடிக்காமலும், கையை விரித்துக்கொண்டு நின்றார். இதைவிட ஒரு நல்ல நாள் இனி வேண்டாம் என்று அவருக்கு அந்த நிமிஷம் தோன்றியது.

துணி நின்றது.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றாள். கண்ணாடியில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. ஏதோ சொல்ல வந்து நிறுத்துகிற முகம். அவருக்கு அந்த முகம் இன்றைக்குத்தான் அறிமுகம், டாக்டர் அறையில், இரண்டு என்று சொல்வதற்கு முன்னால்.

அவர் கேட்கவில்லை. முன்னால் நிற்கிறவள்தான் சொல்ல வேண்டும். அவர் காத்திருந்தார்.

"என்னங்க," என்றாள். "பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்கு. தரை தெரியல."

"எந்தக் கால்?"

"ரெண்டும். லிஃப்ட்ல ஏறும்போது லேசா இருந்துச்சு. அப்பவே சொல்லியிருக்கணும். கண்ணாடியை ஏத்திட்டுச் சொல்லலாம்னு..."

வேறொரு நாளாக இருந்தால் அவர் கூரை பறக்கக் கத்தியிருப்பார். பார்த்தாயா, நடக்காதே என்றேனே என்று ஆரம்பித்திருப்பார். இன்றைக்கு அவர் நாக்கு அந்தப் பக்கம் போகவில்லை. சொல்லிட்டியே, அது போதும் என்றார். மகள் அதற்குள் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டாள்.

டாக்டர் பதறாமல், ஆனால் வேகமாகப் பேசினார். உட்கார வைக்காதீர்கள், முதுகை வளைக்காமல், திருகாமல், இரண்டு பேராகச் சேர்ந்து நேராகப் படுக்க வையுங்கள். ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன். படுத்த நிலையிலேயே வர வேண்டும். ஸ்கேனுக்குச் சொல்லி வைக்கிறேன்.

போனைக் கேட்டுவிட்டு மகள் அம்மாவிடம் அப்படியே சொன்னாள். தரைவிரிப்பின் மேல் நீட்டிப் படுக்க வைக்கப்பட்டிருந்த முதலாளியம்மா கணவரைப் பார்த்தாள். அந்த நேரத்திலும் அவள் உதட்டோரம் ஒரு குறும்பு.

"கடைசில உங்க கட்சிதான் ஜெயிச்சுது. படுக்க வெச்சிட்டாங்க."

"நான் இன்னைக்குத்தாண்டி கட்சி மாறினேன்," என்றார் அவர். சிரிக்கத்தான் நினைத்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவள் மஞ்சள் துணியை நீட்டினாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அவளை அசங்காமல் ஏற்றிப் பட்டை கட்டினார்கள். லிஃப்ட் கதவைத் திறந்து பார்த்தார்கள். நீட்டிப் படுத்த ஆள் அதற்குள் நுழையாது. படிதான் என்றார் ஒருவர். திருப்பம் ரொம்பக் குறுகலா இருக்கே என்று மற்றவர் யோசித்தார். தலைமாட்டுப் பக்கம் இன்னொரு கை இருந்தால் நல்லது என்றார்கள்.

"நான் பிடிக்கிறேன்," என்றார் கண்ணாடிக்காரர். "இந்தப் படியில இப்பத்தான் ஒண்ணை ஏத்தினேன்."

கால்மாட்டில் ஒருவர் முன்னால் இறங்க, தலைமாட்டில் இவரும் இன்னொருவரும். மகள் வாக்கரையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு பின்னால். முதல் படிக்கு வந்ததும் கண்ணாடிக்காரர் நின்றுவிட்டார். வாழ்நாளில் எத்தனையோ விலையுயர்ந்த கண்ணாடியைத் தூக்கியிருக்கிறார். ஒரு தடவையும் இப்படி நின்றதில்லை. அப்போதெல்லாம் முன்னால் ஒரு குரல் இருந்தது.

அவள் மல்லாந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படி தெரியாது. சுவரும், கூரையும், தலைகீழாக அவர் முகமும்தான் தெரியும். ஆனால் சற்றுமுன் இந்தப் படிக்கட்டை மேலிருந்து படி படியாக அளந்தவள் அவள்.

"தூக்கு," என்றாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தூக்கினார்கள்.

"படி," என்றாள். அவர் காலை வைத்தார். "படி." வைத்தார். கூரையிலிருந்த பல்ப் அவள் நெற்றிக்கு நேராக வந்ததும், "நில்லு. திருப்பம். நீங்க வெளியே வாங்க," என்றாள். அவர் வெளியே வந்தார். ஸ்ட்ரெச்சர் சுவரில் படாமல் திரும்பியது.

அங்கே ஒரு கணம் மூச்சு வாங்க நின்றபோது, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் அவள் சொன்னாள்.

"பஞ்சு முழங்காலுக்கு வந்திருக்குங்க. பயமா இருக்கு."

பயம் என்று அவள் வாயால் அவர் கேட்டதே இல்லை. நடு மழையில் கேட்டதில்லை, முதல் ஸ்கேன் முடிவு வந்த அன்றும் கேட்டதில்லை. அவர் பிடியை இறுக்கிக்கொண்டார்.

"எனக்கும்தான்," என்றார். "நீ சொல்லிக்கிட்டே வா, முதலாளி."

கீழே, ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்தபடி இருந்தது.

"படி," என்றாள் அவள்.